பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்லை

எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் செல்போனில் இருந்தே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. ஒன்று 2014-இல் வாங்கியது. மூடியின் ஒரு கீல் உடைந்து, அப்பா அதைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருக்கிறார். உள்ளே பல்லி முட்டை ஓடுகள் கிடக்கும். இன்னொன்று 2020-இல் வாங்கியது. வெள்ளைப் பெட்டி, கண்ணாடி மூடி, ஈரம் போகாமல் இருக்க ரப்பர் விளிம்பு, உள்ளே வரிசையாக நான்கு சின்ன விளக்குகள். இந்த மார்ச் மாதம் நின்றுபோனது புதுப் பெட்டி. பழையது இன்றைக்கும் ஓடுகிறது.

தோட்டம் உடுமலைப்பேட்டைப் பக்கம். நாலரை ஏக்கர், முக்கால்வாசி தென்னை. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துச் சாளையிலேயே, அதாவது தோட்டத்து வீட்டிலேயே, இருக்கிறார்கள். அப்பாவுக்கு 74 வயது. நான் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கணக்குப் பார்க்கிறேன். அண்ணன் பொள்ளாச்சியில். பெற்றவர்களைத் தோட்டத்தில் தனியாக விட்டுவிட்டு நகரத்தில் இருக்கிற யாருக்கும், ராத்திரி கரண்ட் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். சில வாரம் பகலில், சில வாரம் ராத்திரியில். ராத்திரி முறை வந்தால் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ எழுந்து, டார்ச் லைட்டோடு வரப்பு மேல் நடந்து, மோட்டார் ரூம் போய், பச்சை பட்டனை அழுத்திவிட்டு வர வேண்டும். சாளையில் இருந்து மோட்டார் ரூமுக்கு நானூறு அடி இருக்கும். நடுவில் ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டும். கண்ணாடி விரியனை அந்த வாய்க்கால் ஓரத்தில் நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

கரண்ட் வந்ததும் தானாக ஓட்டிவிடும் ‘ஆட்டோ’ ஒன்று மாட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கிணற்றுக்குச் சரி. ஆழ்துளைக் கிணறான போருக்கு அது ஆகாது. எங்கள் போர் 750 அடி. கோடையில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும். தண்ணீர் இல்லாமல், உள்ளே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார் அரைமணி நேரம் வெறுமனே ஓடினால் காயில் கருகிவிடும். அதை மேலே தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்குவதற்குள் பதினைந்து இருபதாயிரம் கரைந்துவிடும். அதனால் தண்ணீர் நின்றால் மோட்டாரையும் தானே நிறுத்துகிற கருவி போருக்கு வேண்டும். 2020-இல் அந்த வெள்ளைப் பெட்டியை வாங்கியதற்கு அதுதான் காரணம். வாங்கிக் கொடுத்தது நான். விலை 11,800 ரூபாய். என் முதல் போனஸ் பணத்தில் அப்பாவுக்கு வாங்கிய பொருள் அது.

நன்றாகவே உழைத்தது, அதை மறைக்கக் கூடாது. செல்போனில் ஆப்பைத் திறந்தால் மூன்று பேஸும் எத்தனை வோல்ட் வருகிறது என்று தெரியும். மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது, தண்ணீர் நின்று எப்போது அணைந்தது எல்லாம் தெரியும். அப்பா தூங்கினால் நான் கோயம்புத்தூரில் இருந்தே ஓட்டிவிடுவேன். கொரோனா ஊரடங்கில் ஊருக்குப் போக முடியாமல் இருந்த நாட்களில், ராத்திரி இரண்டு மணிக்கு பீளமேட்டு வீட்டில் உட்கார்ந்து தோட்டத்து மோட்டாரை எடுத்துவிட்டு, ஆம்பியர் ஏறுவதைத் திரையில் பார்க்கும்போது அப்பா பக்கத்திலேயே இருப்பது போல இருக்கும்.

மார்ச் இரண்டாம் வாரம் அப்பா போன் செய்தார். “அம்மிணி, செல்லுல மோட்டார் எடுக்க மாட்டேங்குது. சித்த பாரு.”

நான் என் செல்லில் பார்த்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, சர்வரோடு இணைக்க முடியவில்லை என்று ஒரு வரி. டவர் பிரச்சினையாக இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன். அடுத்த நாளும் அதே. வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. இமெயில் போட்டேன், திரும்பி வந்தது. விற்ற கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் பாவம், இழுத்து இழுத்துச் சொன்னார்: “கம்பெனியவே மூடிட்டாங்களாம்ங்க. எனக்கே போன வாரம் தானுங்க தெரியும். இதோட எட்டுப் பேரு கேட்டுட்டாங்க.”

ஜனவரியில்தான் வருடச் சந்தா கட்டியிருந்தேன்.

எனக்கு இதெல்லாம் பணத்துக்கான கோபமாக இருந்தது, அம்மா போன் செய்கிறவரை. “உங்கப்பா பத்து நாளா ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டுப் போறாரு. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டாரு. நேத்து வாய்க்கால்ல கால் மடங்கிப் போச்சு. நீ சொன்னாத்தான் கேப்பாரு.” அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

அப்பாவின் கணுக்கால் வீங்கி இருந்தது. மஞ்சள் பத்துப் போட்டிருந்தார். ஒன்றுமில்லை என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ ஆசையா வாங்கிக் குடுத்தது. ரிப்பேருன்னா வெசனப்படுவேன்னு நெனச்சேன்” என்றார். அதற்கு மேல் என்னால் எதுவும் பேச முடியவில்லை.

மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான். பெட்டியைத் திறந்து, மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று பேஸும் வந்தது. போர்டுக்கு 12 வோல்ட் வந்தது. ஒரு ஒயர் துண்டை வைத்து, மோட்டாரை எடுத்துவிடும் சின்ன சுவிட்சான ரிலேயைத் தொட்டார். டக் என்று எடுத்தது. மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் தட் என்று விழுந்தது, கீழே போரில் மோட்டார் உறுமியது, ஒரு நிமிடத்தில் குழாயில் தண்ணீர் கொட்டியது. அவர் ஒயரை எடுத்ததும் எல்லாம் நின்றது. நான்காவது விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தது.

“ஏனுங்க்கா, பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்லீங்க. இது பாட்டுக்கு யாருக்கோ போன் போட்டுக்கிட்டே இருக்குது. அங்க எடுக்கறதுக்கு ஆள் இல்லீங்க.”

இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். நான் ஆப்பில் பட்டனை அழுத்தினால் அது நேராக என் தோட்டத்துக்குப் போவதில்லை. எங்கேயோ இருக்கிற கம்பெனி சர்வருக்கு, அதாவது அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போகிறது. தோட்டத்துப் பெட்டியும் தன் சிம் வழியாக அதே சர்வரோடு ஓயாமல் தொடர்பில் இருக்கும். நான் சொன்னதை சர்வர் அதற்குச் சொல்லும். அந்த சர்வரின் முகவரி பெட்டிக்குள் இருக்கிற சிப்பில் எழுதி வைத்திருக்கிறது, நம்மால் மாற்ற முடியாது. அந்த சிம்மும் நம்முடையது இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தேன். நம் செல்போனுக்கு 10 இலக்கம் என்றால் அதற்கு 13 இலக்கம். இயந்திரத்தோடு இயந்திரம் பேசுவதற்கென்று தரும் எண் அது. கம்பெனி பெயரில் இருப்பதால் நான் ரீசார்ஜ் செய்யவும் வழியில்லை.

சரி, சர்வர் போனால் போகட்டும், தண்ணீர் நின்றால் மோட்டாரை அணைக்கிற வேலை பெட்டிக்குள்ளேயே நடப்பதுதானே, அதாவது நடக்கும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் அந்தப் பெட்டி முதலில் சர்வரைக் கூப்பிட்டு, எத்தனை ஆம்பியருக்குக் கீழே போனால் அணைக்க வேண்டும் என்ற கணக்கை வாங்கிக்கொண்ட பிறகுதான் ரிலேயை எடுக்கும். சர்வர் பதில் சொல்லாவிட்டால் காத்துக்கொண்டே இருக்கும். மேனுவல் சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும், ஆனால் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் ஓடும். அப்பா பத்து நாளும் மேனுவலில் போட்டுவிட்டு, தண்ணீர் நிற்கிறதா என்று மோட்டார் ரூம் திண்ணையிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். விடிகிறவரை.

ஒரு சின்ன எண். ஆம்பியர் கணக்கு என்பது அவ்வளவுதான். அதைப் பெட்டிக்குள்ளேயே சேமித்து வைக்க எந்தச் செலவும் இல்லை. வைத்திருந்தால் கம்பெனி போன பிறகும் பெட்டி தன் பாதி வேலையையாவது பார்த்துக்கொண்டிருக்கும். செய்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தாங்கள் இல்லாத ஒரு நாளை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை, அல்லது வருடச் சந்தா நின்றால் பெட்டியும் நிற்க வேண்டும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் ராத்திரியில் வாய்க்கால் தாண்டியது என் அப்பா.

பக்கத்தில் தொங்கும் பழைய பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அது கிணற்று மோட்டாருக்கு. அதற்குள் இருப்பது அப்பா பெயரில் வாங்கிய சாதாரண சிம். கூப்பிட்டால் இரண்டாவது மணியில் எடுக்கும். 1 அழுத்தினால் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும். ஓடியதும் ஒரு பெண் குரல் தமிழில் ‘மோட்டார் ஆன் செய்யப்பட்டது’ என்று சொல்லும். செல்போனில் ஒரு எண்ணை அழுத்தும்போது எழுகிற சத்தம் உண்மையில் இரண்டு சத்தங்களின் கலவை. 1 என்றால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்தது. அதைக் கேட்டு எந்த எண் என்று கண்டுபிடிக்க நகம் அளவு சிப் ஒன்று போதும். ஐந்து செல்போன் எண்களைப் பதிந்து வைக்கலாம், வேறு யார் கூப்பிட்டாலும் எடுக்காது. அதைச் செய்த கம்பெனி இன்றைக்கு இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இதுவரை வரவில்லை.

அதற்கும் ஒரு எல்லை உண்டு. அது 2ஜி பெட்டி. ஜியோவுக்கு ஆரம்பத்தில் இருந்தே 2ஜி கிடையாது என்பதால் ஜியோ சிம் அதில் எடுக்காது, ஏர்டெல்தான் போட்டிருக்கிறோம். 2ஜியை என்றைக்கு நிறுத்துகிறார்களோ அன்றைக்கு அதுவும் நிற்கும். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரி 22-ஆம் தேதி தன் 3ஜியை நிறுத்தியபோது, பல கார்களில் விபத்து நேர்ந்தால் தானே உதவி கேட்டுக் கூப்பிடும் வசதியும், பல வீடுகளின் திருட்டு எச்சரிக்கைக் கருவிகளும் வேலை செய்யாமல் போயின. ஆனால் டவரை நிறுத்துவது பல வருடம் முன்னாலேயே ஊர் முழுக்கத் தெரிகிற விஷயம். மாற்று தேட நேரம் இருக்கும். ஒரு கம்பெனி ஒரு செவ்வாய்க்கிழமை சர்வரை அணைப்பது அப்படி இல்லை.

இந்த இரண்டு மாதத்தில் இதைப் பற்றி நிறையத் தேடிப் படித்தேன். எங்கள் ஊர்ப் பெட்டிக்கு நடந்தது உலகம் முழுக்க நடக்கிறது. ரிவால்வ் என்று வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் சேர்த்து இயக்கும் ஒரு கருவி இருந்தது. விலை 300 டாலர். 2014-இல் அந்தக் கம்பெனியை கூகுளைச் சேர்ந்த நெஸ்ட் வாங்கியது. 2016 மே 15-ஆம் தேதி சர்வரை நிறுத்தியதும் அந்தக் கருவி வெறும் டப்பா ஆனது. விற்கும்போது வாழ்நாள் சந்தா இலவசம் என்று சொல்லித்தான் விற்றார்கள். யாருடைய வாழ்நாள் என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

கலிபோர்னியாவில் இன்ஸ்டியான் என்ற கம்பெனி 2022 ஏப்ரலில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சர்வரை அணைத்துவிட்டது. அதைப் படித்தபோது எங்கள் கதையைப் படிப்பது போலவே இருந்தது. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். அவர்களுடைய சுவிட்சுகள் ஒன்றோடொன்று வீட்டு மின்கம்பி வழியாகவும் ரேடியோ வழியாகவும் நேராகவே பேசக்கூடியவை. ஆப் போனாலும் சுவரில் இருக்கிற சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரிந்தது. விவரம் தெரிந்தவர்கள் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, கம்பெனி இல்லாமலே எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினார்கள். இரண்டே மாதத்தில், அந்தக் கருவிகளைப் பயன்படுத்தி வந்தவர்களில் சிலரே பணம் போட்டுக் கம்பெனியை வாங்கி சர்வரை மறுபடி எழுப்பினார்கள்.

செல்போனோடு இணைந்து வேலை செய்யும் பெபிள் கைக்கடிகாரத்தின் கதையும் எனக்குப் பிடித்தது. 2016 கடைசியில் பெபிளின் மென்பொருளையும் ஆட்களையும் ஃபிட்பிட் என்ற இன்னொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. கடிகாரம் தயாரிப்பது நின்றது. ஆனால் 2017-இல் கடைசியாக ஒரு அப்டேட் விட்டார்கள். சர்வர் இல்லாமல் போனாலும் கடிகாரமும் போனும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்படி அதில் மாற்றிவிட்டார்கள். 2018 ஜூன் 30-இல் சர்வரை நிறுத்தியபோது, ரெபிள் என்ற பெயரில் ஆர்வலர்களே சொந்த சர்வர் வைத்துத் தொடர்ந்தார்கள். 2025 ஜனவரியில், ஃபிட்பிட்டை முன்பே வாங்கியிருந்த கூகுள், பெபிளின் மென்பொருளில் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. கடையை மூடுகிறவர் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது ஆர்கஸ் 2 என்ற கருவி. பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் 60 மின்முனைகள் கொண்ட சின்னத் தகட்டைப் பொருத்துவார்கள். மூக்குக் கண்ணாடியில் இருக்கும் கேமரா பார்ப்பதை அது ஒளிப்புள்ளிகளாக உணர வைக்கும். உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் அதைப் பொருத்திக்கொண்டார்கள். செகண்ட் சைட் என்ற அந்தக் கம்பெனி 2019-இல் இந்தக் கருவியைக் கைவிட்டது. 2020-இல் கம்பெனியே திவாலாகும் நிலைக்கு வந்து ஆட்களை அனுப்பிவிட்டது. கண்ணுக்குள் கருவியை வைத்திருந்தவர்களுக்கு, பழுதானால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. 2022-இல் ஐஈஈஈ ஸ்பெக்ட்ரம் இதழ் எழுதிய பிறகுதான் பலருக்கு இது தெரியவந்தது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மோட்டாரைக் கையால் போடலாம். கண்ணை எப்படிப் போடுவது?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் கருவியை விற்பவர் அதற்கு எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவேன் என்று சொல்லித்தான் விற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுச் சட்டம் 2027 டிசம்பரில் முழுதாக நடைமுறைக்கு வருகிறது. அதன்படி, பொருளின் ஆயுளே குறைவு என்றால் ஒழிய, குறைந்தது 5 வருடம் ஆதரவு தர வேண்டும். அமெரிக்காவில் சட்டம் அந்த அளவுக்கு வரவில்லை. அங்கே கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 நவம்பரில் 184 கருவிகளை எடுத்துப் பார்த்தது. எத்தனை காலம் மென்பொருள் ஆதரவு என்பதை ஏறக்குறைய 89 சதவீதக் கருவிகளுக்கு அவற்றின் இணையப் பக்கத்தில் சொல்லவே இல்லை.

நம் நாட்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அந்த வருட டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் வந்தது. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் உதிரிபாகம் கிடைக்கிறதா, கையேடு கிடைக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திவிட்டால் எங்கள் பெட்டிக்கு அது உதவாது. அதில் எந்தப் பாகமும் கெடவில்லையே.

பெட்டி இப்போது என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகன் பொள்ளாச்சியில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான், கடைசி வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்தான். பழைய போர்டில் இருக்கிற சிப்பில் நாமே புது மென்பொருள் எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். அரை நாள் போராடிவிட்டு, “அத்தை, சிப்ப லாக் பண்ணி வச்சிருக்காங்க. உள்ள என்ன இருக்குன்னு படிக்கவும் முடியல, எந்தப் பின்னு எதுக்குப் போகுதுன்னு அவங்க எங்கயும் எழுதி வைக்கவும் இல்ல” என்றான். மூடிப்போகிற கம்பெனி அந்த ஒயர் படத்தை, அதாவது ஒரே ஒரு பக்கத்தை, வாங்கினவர்களுக்கு அனுப்பிவிட்டுப் போயிருந்தால் அவன் வேலை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதனால் போர்டை மட்டும் கழற்றிவிட்டு, பெட்டி, ரிலே, ஆம்பியரை அளக்கும் சி.டி. காயில், பவர் சப்ளை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டான். ஒரு சின்னக் கன்ட்ரோலர் போர்டும், போன் எடுத்துப் பேசக்கூடிய ஒரு 4ஜி மாட்யூலும் வாங்கினோம். ஒயர், கனெக்டர் எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய். இரண்டு ஞாயிறு ஆனது. சி.டி. காயில் கணக்கைச் சரி செய்வதற்கு மட்டும் ஒரு முழு மத்தியானம். எலக்ட்ரீஷியன் தம்பி பேனலில் கிளாம்ப் மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஆம்பியரைச் சத்தமாகச் சொல்ல, இவன் லேப்டாப்பில் வரும் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினான். தண்ணீர் வரும்போது 13, தண்ணீர் விட்டதும் 8 என்று இறங்கியது. 9-க்குக் கீழே இருபது நொடி இருந்தால் அணைத்துவிடு என்று எழுதினான். அந்த 9 இப்போது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கரண்ட் நூறு தடவை போய் வந்தாலும் அது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கூப்பிட்டால் எடுக்கும், 1 அழுத்தினால் ஓடும், 2 அழுத்தினால் நிற்கும். பழைய பெட்டி மாதிரியே வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். குரல் மட்டும் இன்னும் வைக்கவில்லை. “அப்பாரு, உங்க குரலையே ரெக்கார்டு பண்ணி வச்சுடறேன்” என்கிறான் பேரன். அப்பா அம்மாவின் குரலை வைக்கச் சொல்கிறார்.

எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு பையன் இருக்க மாட்டான். அந்தக் கடைக்காரரைக் கேட்ட எட்டுப் பேரில் மூன்று பேரிடம் நான் பேசினேன். ஒருவர் பெட்டியையே கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார். தாராபுரம் பக்கத்தில் ஒரு அம்மா, கணவர் இறந்த பிறகு தனியாகப் பண்ணையம் பார்க்கிறவர், அவரும் எங்கள் அப்பா போலவே ராத்திரியில் நடந்துகொண்டிருக்கிறார். அவருக்கு இவன் அடுத்த மாதம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான். செய்முறை முழுவதையும், ஒயர் படத்தோடு, தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதியதும் இங்கேயே போடுகிறேன்.

இந்த மாதிரிப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் சர்வரை அணைத்துவிட்டால் இந்தப் பெட்டி என் மோட்டாரை ஓட்டுமா? விற்பவர் தயங்கினால் அவரையே செய்து காட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கும் சிம்மைக் கழற்றிவிட்டு, மெயினை அணைத்துப் போடச் சொல்லுங்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் நின்றால் அணைகிறதா என்று கண்ணால் பாருங்கள். சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை, செல்போனால் மோட்டாரை இயக்கும் கருவிகளுக்கு மானியம் தருகிறது. நல்ல திட்டம், ராத்திரியில் நடக்கிற எத்தனையோ கால்களைக் காப்பாற்றும். அந்த மானியப் பட்டியலில் ஒரு கருவியைச் சேர்க்கும் முன்பு மூன்று நிபந்தனை வைக்கச் சொல்லி மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சர்வர் இல்லாவிட்டாலும் ஓட்டுவது, நிறுத்துவது, தண்ணீர் நின்றால் அணைப்பது இந்த மூன்று வேலையும் நடக்க வேண்டும். சிம் விவசாயி பெயரில் இருக்க வேண்டும். கம்பெனி மூடினாலோ சேவையை நிறுத்தினாலோ, ஒயர் படத்தையும் மென்பொருளைத் திறக்கும் சாவியையும் துறையிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மனுவை வாங்கிக்கொண்ட பொறியாளர் முழுவதும் படித்தார். படித்துவிட்டு, தன் மாமனார் தோட்டத்திலும் இதே வெள்ளைப் பெட்டிதான் என்றார். மேலே அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்திருக்கிறேன்.

மனு ஒரு பக்கம்தான். கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் ஊர்ப் பெயரையும் கருவி வாங்கிய வருடத்தையும் மட்டும் மாற்றி, உங்கள் வட்டார வேளாண்மைப் பொறியியல் அலுவலகத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.